பிரைமரியில் மோதியவர்கள் நவம்பரில் ஒன்றாக நிற்பது எப்படி?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரே கட்சிக்காரர்கள் ஐந்தாறு மாதம் ஊர் ஊராகப் போய் ஒருவரை ஒருவர் தாக்கிப் பேசுகிறார்கள். பிரைமரி எனப்படும் அந்த வேட்பாளர் தேர்வு முடிந்ததும், அதில் தோற்றவர், வென்றவருக்காக நவம்பர் அதிபர் தேர்தலில் ஓட்டுக் கேட்கிறார். இதைத் தொண்டர்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்? சண்டை சூடாக நடக்கும்போதே கட்சி உடையாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்ற தரப்பு இரண்டு விஷயங்களை நம்ப வேண்டும். ஒன்று, போட்டியின் விதிகள் நியாயமாக இருந்தன என்பது. இன்னொன்று, தோற்ற பிறகும் இந்தக் கட்சியில் தங்களுக்கு மரியாதையான இடம் இருக்கிறது என்பது. இந்த இரண்டும் இருந்தால் எவ்வளவு கடுமையான சண்டையும் பெரும்பாலும் ஆறிவிடும். இரண்டும் இல்லாவிட்டால், தலைவர்கள் மேடையில் கைகோத்து நின்றாலும் பின்னால் இருக்கும் கூட்டம் நகராது. பேச்சில் நாகரிகம் தேவைதான், ஆனால் அது இவற்றுக்கு அடுத்ததுதான்.

இதை விளக்க 2008-ல் ஜனநாயகக் கட்சியில் பராக் ஒபாமாவுக்கும் ஹிலாரி கிளிண்டனுக்கும் நடந்த போட்டியையே எடுத்துக்கொள்கிறேன். நல்லதும் கெட்டதும் அதில் நிறையவே நடந்தன.

அந்தப் போட்டி எவ்வளவு கசப்பாக இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஜனவரி 3-ம் தேதி அயோவாவில் ஒபாமா ஜெயித்தார், ஹிலாரி மூன்றாம் இடத்துக்குப் போனார். அடுத்த ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரை ஹிலாரி பிடித்தார். அங்கே அவருடைய கூட்டம் ஒன்றில் சிலர் எழுந்து நின்று ‘என் சட்டைக்கு இஸ்திரி போடு’ என்று கத்தினார்கள். அந்த மாதக் கடைசியில் தென் கரோலினாவில் ஒபாமா பெரிய வெற்றி பெற்றபோது, ‘இங்கே 1984-லும் 1988-லும் ஜெஸ்ஸி ஜாக்சன்கூட ஜெயித்தார்’ என்ற பொருளில் ஹிலாரியின் கணவர், முன்னாள் அதிபர் பில் கிளிண்டன் பேசினார். ஜாக்சன், அந்த இரண்டு தடவையும் போட்டியிட்டு வேட்பாளர் ஆக முடியாமல் போன கறுப்பினத் தலைவர். கறுப்பின வாக்காளர்கள் பலர் அதை வெறும் தேர்தல் கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை, தங்களை மட்டம் தட்டுவதாகவே பார்த்தார்கள். மார்ச்சில் ஒபாமாவின் வெளியுறவு ஆலோசகர் சமந்தா பவர், ஒரு பத்திரிகைப் பேட்டியில் ஹிலாரியை ‘அரக்கி’ என்று சொல்லிப் பதவி விலகினார். அதே மாதத்தில், ஒபாமா வெள்ளைக்காரராக இருந்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார் என்று சொன்ன ஜெரால்டின் ஃபெராரோ, ஹிலாரியின் நிதிக் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. ஃபெராரோ சாதாரணமானவர் இல்லை. 1984-ல் அந்தக் கட்சி நிறுத்திய துணை அதிபர் வேட்பாளர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தரப்புக்கு இது முதல் கறுப்பின அதிபருக்கான வாய்ப்பு, மறு தரப்புக்கு முதல் பெண் அதிபருக்கான வாய்ப்பு. இரண்டுமே தலைமுறைகளாகக் காத்திருந்த கனவுகள். இப்படிப்பட்ட போட்டியில் தோற்றவரின் ஆதரவாளரிடம் ‘சரி விடு, அடுத்த தடவை பார்க்கலாம்’ என்று சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். அவர்கள் இழந்தது என்ன என்பதை வென்ற தரப்பு புரிந்துகொண்டிருக்கிறதா என்பதில்தான் சமரசம் தொடங்குகிறது.

சண்டை நீண்டுகொண்டே போனால் கட்சி கெடும் என்று அப்போது ஏகப்பட்ட பேர் எழுதினார்கள். குடியரசுக் கட்சியில் ஜான் மெக்கெய்ன் மார்ச் 4-ம் தேதியே வேட்பாளர் ஆகிவிட்டார், ஜனநாயகக் கட்சியோ ஜூன் 3 வரை இழுத்தது. ஜனநாயகக் கட்சியின் விதிப்படி ஒவ்வொரு மாநிலத்திலும், கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் பிரதிநிதிகளை ஓட்டு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் இரண்டு பேரும் ஏறத்தாழ சமபலத்தில் இருந்தால் யாருக்கும் சீக்கிரம் முடிவு கிடைக்காது. ஆனால் நீண்ட போட்டி என்பதாலேயே கெடுதல் வந்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம். வழக்கமாக யாரும் எட்டிப் பார்க்காத இண்டியானாவிலும் வட கரோலினாவிலும் அந்த மே மாதம் இரு தரப்பும் அலுவலகம் திறந்து, ஆள் சேர்த்து, புதிய வாக்காளர்களைப் பட்டியலில் ஏற்றின. அந்த இரண்டு மாநிலங்களையும் நவம்பரில் ஒபாமா ஜெயித்தார். 1964-க்குப் பிறகு இண்டியானாவும் 1976-க்குப் பிறகு வட கரோலினாவும் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது அப்போதுதான். ஆகவே, பின்தங்கியிருப்பவரைப் பார்த்து ‘ஒற்றுமைக்காக விலகு’ என்று சீக்கிரமே நெருக்குவது தவறு. வெளியே தள்ளப்பட்டதாக நினைப்பவர்களைத் திரும்ப அழைத்து வருவதுதான் மிகவும் கடினம்.

எதைச் சொல்லித் தாக்குகிறோம் என்பதிலும் ஒரு எல்லை இருக்கிறது. ‘உன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எல்லோரையும் சேர்க்கவில்லை’ என்பது ஒரு வகை. ‘நீ அதிபர் நாற்காலிக்கே தகுதியில்லாதவன்’ என்பது இன்னொரு வகை. முதல் வகையைப் பிறகு பேசித் தீர்க்கலாம். இரண்டாவதை எதிர்க்கட்சி எடுத்து பத்திரமாக வைத்துக்கொள்ளும். 2008 மார்ச்சில் ஹிலாரி, தனக்கும் மெக்கெய்னுக்கும் வாழ்நாள் அனுபவம் இருக்கிறது, ஒபாமாவிடம் இருப்பது ஈராக் போரை எதிர்த்து 2002-ல் பேசிய ஒரு பேச்சு மட்டுமே என்ற பொருளில் சொன்னார். அந்தப் பிரசாரத்தில் அவர் செய்த மிகப் பெரிய தவறு அதுதான் என்று நினைக்கிறேன். தன் கட்சி சகாவைக் குறைத்துக் காட்ட எதிர்க்கட்சி வேட்பாளரை உயர்த்திவிட்டார். ஆகஸ்டில் மெக்கெய்ன் தரப்பு அந்தப் பேச்சை அப்படியே விளம்பரமாகப் போட்டது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1988-ல் நியூயார்க் பிரைமரிக்கு முந்தைய விவாதத்தில் அல் கோர், தன் ஜனநாயகக் கட்சிப் போட்டியாளரான மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸிடம், கைதிகளுக்கு விடுமுறை கொடுத்து வெளியே அனுப்பும் திட்டத்தைப் பற்றிக் கேட்டார். அன்று அது பெரிதாக எடுபடவில்லை. சில மாதம் கழித்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் தரப்பு டுகாக்கிஸை வீழ்த்தப் பயன்படுத்தியது அதே விஷயத்தைத்தான்.

குடியரசுக் கட்சியில் இதற்காகவே ஒரு கட்டளை உண்டு. 1966-ல் கலிஃபோர்னியா மாநிலக் கட்சித் தலைவராக இருந்த கேலர்ட் பார்க்கின்சன், பைபிளின் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதாக ‘சக குடியரசுக் கட்சிக்காரரைப் பற்றித் தீதாகப் பேசாதிருப்பாயாக’ என்று ஒன்றைச் சேர்த்தார். அந்த ஆண்டு ஆளுநர் தேர்தலில் ரொனால்ட் ரீகனுக்கு அது பெரிய பாதுகாப்பாக இருந்தது. நடிகர், அரசியல் அனுபவம் இல்லாதவர் என்று சொந்தக் கட்சிக்காரர்கள் யாரும் வரம்பு மீறித் தாக்க முடியவில்லை. ஆனால் அதே ரீகன் 1976-ல், பதவியில் இருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டிடம் வரிசையாக ஐந்து பிரைமரிகளில் தோற்ற பிறகு, அமெரிக்காவின் வசம் இருந்த பனாமா கால்வாயை விட்டுக்கொடுக்கும் விவகாரத்தை எடுத்துக்கொண்டு ஃபோர்டை வெளுத்து வாங்கினார். வட கரோலினாவில் ஜெயித்தார். தோற்றுக்கொண்டிருப்பவரை எந்தக் கட்டளையும் நெடுநாள் கட்டிப்போடாது. 2015-ல் குடியரசுக் கட்சி எல்லா வேட்பாளர்களிடமும் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியது. டொனால்ட் ட்ரம்ப்பும் போட்டார், டெட் குரூஸும் போட்டார். அடுத்த ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டு மேடையில் குரூஸ், வேட்பாளரான ட்ரம்ப்பை ஆதரிக்காமல், ‘மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே இறங்கிப் போனார்.

சரி, விதிகளுக்கு வருகிறேன். என் பார்வையில் ஒற்றுமை காப்பாற்றப்படுவதும் கைவிட்டுப் போவதும் இங்கேதான்.

2008-ல் ஃபுளோரிடாவும் மிச்சிகனும் கட்சி குறித்த காலத்துக்கு முன்பே, ஜனவரியிலேயே, பிரைமரி நடத்தின. தேசியக் கட்சி தண்டனையாக இரண்டு மாநிலங்களின் பிரதிநிதிகளையும் செல்லாது என்று அறிவித்திருந்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து ஒபாமா தன் பெயரையே எடுத்துவிட்டார், ஹிலாரி எடுக்கவில்லை. இரண்டு மாநிலத்திலும் ஹிலாரி முன்னால் வந்தார். முடிவு நெருக்கமாகப் போனதும், ‘அந்த ஓட்டுகளை எண்ணுங்கள்’ என்று அவர் தரப்பு கேட்டது. ‘ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றாதீர்கள்’ என்று ஒபாமா தரப்பு சொன்னது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் சிக்கல்.

மே 31, சனிக்கிழமை, வாஷிங்டனில் ஒரு பெரிய ஹோட்டலில் கட்சியின் விதிக் குழு கூடியது. வெளியே ஹிலாரி ஆதரவாளர்கள் பதாகைகளோடு நின்றார்கள். உள்ளே பார்வையாளர் வரிசையில் இருந்தவர்களும் அடிக்கடி கத்தினார்கள். நாள் முழுக்க வாதம். கடைசியில் இரண்டு மாநிலங்களின் பிரதிநிதிகளையும் சேர்த்துக்கொள்வது, ஆளுக்கு அரை ஓட்டு மட்டும் கொடுப்பது என்று முடிவானது. ஃபுளோரிடா தீர்மானத்துக்கு எதிர்ப்பே இல்லை. மிச்சிகனில் ஹிலாரிக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று பிரித்தார்கள், அது 19-க்கு 8 என்ற ஓட்டில் நிறைவேறியது. குழுவில் ஹிலாரி தரப்பின் முக்கிய ஆளாக இருந்த ஹெரால்ட் இக்கீஸ் கொதித்துப்போய், மாநாடு வரைக்கும் இதைக் கொண்டுபோகும் உரிமை எங்களுக்கு இருக்கிறது என்று எச்சரித்தார். கூட்டம் ‘டென்வர்! டென்வர்!’ என்று கோஷம் போட்டது. ஆகஸ்ட் மாநாடு நடக்கவிருந்த ஊர் டென்வர்.

பார்க்க அசிங்கமாக இருந்தது என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கூட்டம் கட்சியைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். எல்லாம் திறந்த கூடத்தில், தொலைக்காட்சி கேமராவுக்கு முன்னால் நடந்தது. இரு தரப்பு ஆட்களும் குழுவில் இருந்தார்கள், வாதாடினார்கள், ஓட்டுப் போட்டார்கள். முடிவு பிடிக்காதவர்கள்கூட, மூடிய அறைக்குள் பேசி முடித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. வெற்றி உறுதியான பிறகு ஒபாமாவே கேட்டுக்கொண்டதன் பேரில், மாநாட்டுக்கு முன்னால் அந்த அரை ஓட்டு முழு ஓட்டாக மாற்றப்பட்டது.

அடுத்தது, தோற்றவர் வெளியேறும் வழி. ஜூன் 3 இரவு ஒபாமாவுக்குத் தேவையான எண்ணிக்கை கிடைத்துவிட்டது. அன்று நியூயார்க்கில் பேசிய ஹிலாரி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றிரவு எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்றார். விமர்சகர்கள் பொங்கினார்கள். ஒபாமா தரப்பு நெருக்கவில்லை, அதுதான் சாமர்த்தியம். இரண்டு நாள் கழித்து, வாஷிங்டனில் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் வீட்டு வரவேற்பறையில் இருவரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். நிருபர்களை ஏற்றிக்கொண்டு விமானம் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டது, ஒபாமா அதில் இல்லை என்பது கதவு மூடிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எதிரெதிரே இரண்டு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், உதவியாளர்கள் யாரும் இல்லை. ஜூன் 7-ம் தேதி ஹிலாரி தன் பிரசாரத்தை முடித்துக்கொண்டு, ஒபாமாவை ஆதரிக்கும்படி தெளிவாகக் கேட்டார். உயரத்தில் இருக்கும் கடினமான கண்ணாடிக் கூரையை உடைக்க முடியாவிட்டாலும், அதில் சுமார் 1 கோடியே 80 லட்சம் விரிசல் விட்டிருக்கிறோம் என்று தன் ஓட்டுகளைக் கணக்குச் சொன்னார். அந்த நான்கு நாள் அவகாசம் அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் தேவைப்பட்டது. துக்கம் விசாரிக்கிற வீட்டில் உடனே பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பவரை யாரும் மன்னிப்பதில்லை.

அப்புறம் வென்றவர் விலை கொடுக்க வேண்டும். ஹிலாரியின் பிரசாரம் 2 கோடி டாலருக்கு மேல் கடனில் இருந்தது. ஒபாமா தன் பெரிய நன்கொடையாளர்களிடம் அந்தக் கடனை அடைக்க உதவச் சொன்னார், தானும் மனைவி மிஷெலும் ஆளுக்கு 2,300 டாலர் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குக் கொடுக்கச் சட்டம் அப்போது அனுமதித்த உச்சபட்சத் தொகை அது. ஜூன் 27-ல் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூரில் இருவரும் முதல்முறையாகச் சேர்ந்து கூட்டம் போட்டார்கள். ஜனவரி பிரைமரியில் அந்த ஊரில் இருவருக்கும் சரியாக 107 ஓட்டு.

ஒபாமா தரப்பும் இடறியது. பிப்ரவரியில் ஹிலாரி தன் பிரசார மேலாளர் பதவியிலிருந்து நீக்கிய பட்டி சோலிஸ் டாயிலை, ஜூனில் ஒபாமா தரப்பு வேலைக்கு எடுத்தது, அதுவும் வரப்போகும் துணை அதிபர் வேட்பாளரின் அலுவலகத் தலைவராக! ஹிலாரிக்கு அந்தப் பதவி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னதாகவே அவருடைய ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரைச் சேர்க்கிறோம் என்பதோடு, அது அந்தப் பக்கத்தில் எப்படிப் படும் என்றும் பார்க்க வேண்டும்.

டென்வர் மாநாட்டில் ஹிலாரியின் பெயரும் முறைப்படி முன்மொழியப்பட்டது. எண்ணிக்கை முடிந்துபோன போட்டியில் எதற்கு இது என்று சிலர் கேட்டார்கள். அவருக்காக மாதக்கணக்கில் உழைத்த பிரதிநிதிகள் தங்கள் ஓட்டை அவருக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக நினைத்தார்கள், அந்த ஆசையில் தவறே இல்லை. ஆகஸ்ட் 27 மாலை மாநிலம் மாநிலமாக வாக்கு அழைப்பு நடந்தது. நியூ மெக்சிகோ தன் முறையை இல்லினாய்க்கு விட்டுக்கொடுத்தது. ஒபாமாவின் இல்லினாய், ஹிலாரியின் நியூயார்க்குக்கு விட்டுக்கொடுத்தது. நியூயார்க் பிரதிநிதிகளின் நடுவே நின்ற ஹிலாரி ஒலிவாங்கியைப் பிடித்து, விதிகளை நிறுத்திவைத்துக் குரல் வாக்கெடுப்பில் ஒபாமாவைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முன்மொழிந்தார். தோற்கடிக்கப்பட்டவராக அவர் அங்கே நிற்கவில்லை, முடிவை அறிவிப்பவராக நின்றார். முந்தின இரவுப் பேச்சில் தன் ஆதரவாளர்களைப் பார்த்து, நீங்கள் எனக்காக மட்டுமா இதில் இருந்தீர்கள் என்று கேட்டிருந்தார். அதைக் கேட்கும் உரிமை நாட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

இதற்கு நேர் எதிர், 1980. எட்வர்ட் கென்னடி, பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து நின்று, பிரைமரிகளில் பின்தங்கியும் நியூயார்க் மாநாடு வரை விடாமல் வந்தார். பிரதிநிதிகள் தாங்கள் தேர்வான வேட்பாளருக்கே ஓட்டுப் போட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தப் போராடித் தோற்றார். இக்கீஸ் அன்று கென்னடி அணியில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தோல்விக்குப் பிறகு கென்னடி பேசிய பேச்சு அந்த மாநாட்டிலேயே சிறந்த பேச்சு, ஆனால் கூட்டத்தின் மனம் கார்ட்டரிடம் போகவில்லை, கென்னடியிடமே தங்கிவிட்டது. கடைசி இரவு மேடையில், இருவரும் கையைச் சேர்த்துத் தூக்கும் அந்த ஒரு படத்துக்காக அதிபர் கென்னடியின் பின்னாலேயே நடந்தார். கென்னடி கை குலுக்கினார், தோளைத் தட்டினார், கார்ட்டரோடு சேர்த்துக் கையைத் தூக்கவே இல்லை. நாடே பார்த்தது. நவம்பரில் கார்ட்டருக்குக் கிடைத்தது, அதிபரை முடிவு செய்யும் மாநிலத் தேர்வாளர் வாக்குகளில் 49, ரீகனுக்கு 489. பணவீக்கமும் ஈரான் பணயக்கைதிகள் விவகாரமும்தான் பெரிய காரணங்கள், அந்த மேடை இல்லாவிட்டாலும் கார்ட்டர் தோற்றிருக்கலாம். ஆனால் மேடை ஏறும் முன் இருவரும் பேசித் தீர்க்காததை மேடையில் தீர்க்க முடியாது என்பது அன்று தெரிந்தது.

2008-ல் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்றும் நான் சொல்லவில்லை. ‘பூமா’ என்ற பெயரில் திரண்ட ஹிலாரி ஆதரவாளர்கள் சிலர் கடைசி வரை ஒபாமாவை ஏற்கவில்லை. வாக்குச்சாவடிக்கு வெளியே எடுத்த கணிப்புகளின்படி ஹிலாரி வாக்காளர்களில் ஆறில் ஒருவர் போல மெக்கெய்னுக்குப் போட்டார்கள். 2016-ல் பிரைமரியில் ஹிலாரியிடம் தோற்ற பெர்னி சாண்டர்ஸின் வாக்காளர்களில் சுமார் 12% பேர் ட்ரம்ப்புக்குப் போட்டதாகப் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதாவது, கசப்பு 2016-ல்தான் மோசம் என்ற பொதுவான எண்ணத்துக்கு இந்த எண்கள் ஆதரவாக இல்லை. 2008-ல் பொருளாதாரம் சரிந்து, ஒபாமா ஏழு சதவீத இடைவெளியில் ஜெயித்ததால் அந்தக் கசிவு தெரியவில்லை. 2016-ல் ஹிலாரியின் தோல்வியை முடிவு செய்த மூன்று மாநிலங்களில் மொத்தம் 80,000-க்கும் குறைவான ஓட்டுதான் வித்தியாசம், அதனால் ஒவ்வொரு சொட்டும் தெரிந்தது.

ஆனால் 2016-ல் விதி பற்றிய நம்பிக்கை போயிருந்தது, அது வேறு விதமான நோய். பிலடெல்பியா மாநாட்டுக்கு மூன்று நாள் முன்னால், தேசியக் கட்சி அலுவலகத்தின் மின்னஞ்சல்களை, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளம் வெளியிட்டது. நடுநிலையாக இருக்க வேண்டிய ஊழியர்கள் சாண்டர்ஸை எப்படி மடக்கலாம் என்று எழுதிக்கொண்டிருந்தது அதில் இருந்தது. கட்சித் தலைவர் டெபி வாஸர்மன் ஷூல்ட்ஸ் விலக நேர்ந்தது. மாநாட்டின் முதல் நாள், ஹிலாரியை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று சாண்டர்ஸ் தன் பிரதிநிதிகளிடம் சொன்னபோது, அவரையே அவர்கள் கூச்சல் போட்டு மறுத்தார்கள். கட்சி அலுவலகம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் தோற்றவரின் சொல்லுக்குக்கூட மதிப்பு இருக்காது. 2018-ல்தான் கட்சி விதியைத் திருத்தியது. பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல், கட்சியிலோ அரசிலோ வகிக்கும் பதவியால் மாநாட்டில் ஓட்டு வைத்திருந்த சூப்பர் டெலிகேட்டுகள், முடிவு இழுபறியாக இருக்கும்போது முதல் சுற்றில் ஓட்டுப் போட முடியாது என்றானது.

2020-ல் அந்தப் பாடம் பயன்பட்டது. ஏப்ரல் 8-ல் சாண்டர்ஸ் போட்டியை நிறுத்தினார், ஐந்தாம் நாள் ஜோ பைடனை ஆதரித்தார். பருவநிலை, மருத்துவம், கல்வி, பொருளாதாரம், குற்றவியல் நீதி, குடியேற்றம் என்று ஆறு கூட்டுக் குழுக்கள் அமைத்து, இரு தரப்பு ஆட்களையும் உட்கார வைத்து அறிக்கை எழுதினார்கள். தோற்ற தரப்பு தாங்கள் வலியுறுத்திய கொள்கையில் கொஞ்சமாவது எழுத்தில் பார்த்தது. முந்தைய ஆண்டு முதல் விவாதத்திலேயே பைடனைக் கடுமையாகத் தாக்கியவர், சென்னை வேர்கள் உள்ள ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். அவரையே பைடன் துணை அதிபர் வேட்பாளராக்கினார்.

எந்த ஏற்பாடும் பலிக்காத பிளவுகளும் உண்டு. 1968-ல் வியட்நாம் போர்தான் பிரச்சினை. போட்டியில் இருந்த ராபர்ட் கென்னடி கொலையான பிறகு, ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி சிகாகோவில் வேட்பாளர் ஆனார். போரை எதிர்த்த யூஜீன் மெக்கார்த்தி அக்டோபர் கடைசியில்தான் அரைமனதாக ஆதரித்தார். ஹம்ஃப்ரி ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சனிடம் தோற்றார். இப்படிக் கொள்கையிலேயே கட்சி இரண்டாகியிருந்தால் வேட்பாளர் கொள்கையில் நகர வேண்டும். ஹம்ஃப்ரி செப்டம்பர் கடைசியில்தான் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவது பற்றிப் பேசினார். அதன் பிறகு அவருடைய ஆதரவு மளமளவென்று ஏறியது, நாள்தான் போதவில்லை.

மாவட்ட அளவில் கட்சி வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரைமரி முடியும் வரை அலுவலகச் சாவி, வாக்காளர் பட்டியல், கூட்ட அரங்கம் எதிலும் ஒருதலைப்பட்சம் தெரியக்கூடாது. முடிந்த அந்த வாரமே, தோற்ற தரப்பில் நன்றாக வேலை செய்த ஒருங்கிணைப்பாளர்களை வென்றவரின் பொறுப்பாளர் தானே தொலைபேசியில் கூப்பிட வேண்டும், சும்மா துண்டறிக்கை கொடுக்கிற வேலைக்கு அல்ல, முடிவெடுக்கும் பொறுப்புக்கு. மாநாடு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வட கரோலினா போன்ற மாநிலங்களில் தபால் வாக்குச்சீட்டுகள் செப்டம்பரிலேயே வீடுகளுக்குப் போகத் தொடங்கிவிடும்.